நாற்பத்தேழாவது வீடு

தம்பி, பையைக் காலுக்கு அடியில வச்சுக்கங்க. மேல வச்சா வத்தலக்குண்டு தாண்டுறதுக்குள்ள யாரு தலையிலயாவது விழுந்துரும். லேப்டாப் பைதானே அது? பாத்ததுமே நெனச்சேன், கம்ப்யூட்டர் லைன்ல இருக்கீங்கன்னு. மெடிக்கல் ரெப்பா? பரவால்ல. உள்ள லேப்டாப் இருக்கா? இருக்குல்ல, அப்பப் போதும். நான் சொல்றது உங்களுக்குப் புரியும். எங்க எறங்கணும், உத்தமபாளையமா? அப்ப நேரம் நெறையா இருக்கு. நாங்க கம்பம் போறோம். நாங்கன்னா நானும் என் சம்சாரமும். அந்தா, முன்னால ரெண்டாவது சீட்டுல, பச்சைச் சேலை, மடியில ஒரு நோட்டை வச்சுக்கிட்டு உக்காந்திருக்காள்ல, அவதான் விஜயராணி. அந்த நோட்டைப் பத்தி அப்பறம் சொல்றேன்.

எம் பேரு ஞானசேகரன். ஆர்.எம்.எஸ்-ல சார்ட்டிங் அசிஸ்டென்டா முப்பத்திரெண்டு வருஷம். ரயில்வே ஸ்டேஷன்ல ஒரு ஓரமா தபால் மூட்டையாக் குவிஞ்சு கெடக்கும் பாருங்க ஒரு ஆபீஸ், அதான். வர்ற தபாலை ஊர் ஊராப் பிரிச்சு அடுத்த வண்டிக்கு அனுப்பணும். பேரு எங்களுக்கு முக்கியமில்லை தம்பி. கலெக்டருக்கு வந்த லெட்டரா, கடலை வியாபாரிக்கு வந்த லெட்டரான்னு பாக்கவே கூடாது. பின்கோடு, ஆறு நம்பர். அதைப் பாத்தமா, அதுக்குரிய பொந்துல போட்டமா, அவ்ளோதான். சர்வீஸ்ல ஒரு மெமோ வாங்குனதில்லை நான். வேணும்னா கேட்டுப் பாருங்க. யாருகிட்ட கேப்பீங்க, சும்மா சொல்றேன்.

ரிட்டயர் ஆகி வீட்டுல உக்காந்தா கை சும்மா இருக்க மாட்டேங்குது. அடுப்படியில இருந்த டப்பாவை எல்லாம் எடுத்து அகர வரிசையில அடுக்கி வச்சேன். உளுந்து, கசகசா, கடலைப்பருப்பு, கடுகு, அப்பிடி. தாளிக்கிற நேரத்துல இவளுக்குக் கடுகு கெடைக்கலையாம். கடலைப்பருப்புக்கு அடுத்துத்தான் இருக்கு, தேடத் தெரியலன்னா நான் என்ன பண்றது? அன்னைக்குச் சாயங்காலமே எம் மக அபிராமி தன்னோட பழைய லேப்டாப்பக் கொண்டாந்து குடுத்துட்டா. அவ பார்மசிஸ்ட், ஒரே பிள்ளை எங்களுக்கு. "அப்பா, அடுப்படியை விட்டுருங்க, இதை நோண்டுங்க"ன்னா.

அப்பிடி ஆரம்பிச்சதுதான் பைத்தான், கம்ப்யூட்டருக்கு வேலை சொல்ற பாஷை. ஆன்லைன்ல ஹெலன்னு ஒரு அம்மா தமிழ்லயே பாடம் எடுக்குறாங்க. அவங்க மொத நாளே சொன்னாங்க, இதைப் பாத்து எழுதி மனப்பாடம் பண்ணுனா ஒரு வாரத்துல மறந்துரும், உங்க வீட்டுக்கு என்ன தேவையோ அதைச் செஞ்சு செஞ்சு கத்துக்கங்கன்னு. நான் பிடிச்சுக்கிட்டேன். மொத வேலை, தண்ணி. எங்க தெருவுக்கு மூணு நாளைக்கு ஒருக்க முனிசிபல் தண்ணி வரும். அடுத்து எந்தக் கிழமை வரும்னு சொல்ற மாதிரி ஒண்ணு எழுதுனேன். ரெண்டு வாரம் ஆச்சு எழுத. ஓட்டுனா, வியாழக்கெழமைன்னு வந்துச்சு. தண்ணி புதன்கெழமையே வந்துருச்சு. நான் பேப்பரை எடுத்துக்கிட்டுப் போயி, வால்வு தெறக்குற ஆளுகிட்ட, ஏம்ப்பா இன்னைக்கு நீ விடக்கூடாதேன்னு பொறுமையா வெளக்குனேன். அந்த ஆளு என்னை ஒரு மாதிரியாப் பாத்துட்டுப் போனாரு. கணக்குச் சரி, தண்ணிதான் தப்பா வந்துச்சு. நான் பேசிட்டு வர்றதுக்குள்ள இவ நாலு கொடம் பிடிச்சுட்டா, கொழாயில காத்து வர்ற சத்தத்தை வச்சே தெரிஞ்சுக்குவாளாம்.

அடுத்தது கேஸ். சிலிண்டர் எத்தனை நாளைக்கு வரும்னு ஒண்ணு எழுதுனேன். இன்னும் நாலு நாள்னு சொல்லுச்சு. விஜயா சிலிண்டரைத் தூக்கி ஒரு ஆட்டு ஆட்டிப் பாத்துட்டு, நாலு நாள் வரும்னா. பாத்தீங்களா, ரெண்டும் ஒண்ணுபோலச் சொல்லுதுன்னு எனக்கு ஒரே சந்தோஷம். அவளுக்கு ஏன் சந்தோஷம் வரலைன்னுதான் தெரியல.

இப்பிடியே ஒவ்வொண்ணாச் செஞ்சு லிஸ்ட்டு, லூப்பு, இஃப்பு எல்லாம் கைக்கு வந்துருச்சு. இஃப்புன்னா, இன்னது இருந்தா இன்னது செய்யின்னு மெஷினுக்குச் சொல்றது. ஆனா ஒண்ணு சொல்றேன் தம்பி, சார்ட்டுன்னு ஒரு வார்த்தை இருக்கு அதுல. ஒரே வார்த்தை. அதை எழுதுனா எவ்ளோ பெரிய லிஸ்ட்டா இருந்தாலும் கண்ணை மூடித் தெறக்குறதுக்குள்ள வரிசையா அடுக்கிக் குடுத்துரும். முப்பத்திரெண்டு வருஷம் நான் நின்னுக்கிட்டே கையால பண்ணுன வேலை. வேற ஆளா இருந்தா வயிறு எரிஞ்சிருக்கும். எனக்கு எங்க ஆபீஸ்ல கூட வேலை பாத்த ஒருத்தரை வழியில பாத்த மாதிரி இருந்துச்சு. சும்மாச் சும்மா அதை எழுதி ஓட்டிப் பாப்பேன்.

அந்த நேரத்துலதான் அபிராமிக்குக் கல்யாணம் கூடி வந்துச்சு. போன வைகாசி. மாப்பிள்ளை வீடு கரூர், நல்ல மனுசங்க. பத்திரிகை அடிச்சாச்சு. தபால்ல அனுப்புறது, போன்ல சொல்றது எல்லாம் போக, நேர்ல போயி தட்டுல வெத்தலை பாக்கோட வைக்க வேண்டிய வீடு நாப்பத்தேழு. விஜயா ஒரு வாரமா உக்காந்து நோட்டுல எழுதி வச்சிருந்தா. அதைப் பாத்ததும் எனக்குப் பொறி தட்டிருச்சு. ஹெலன் அம்மா சொன்னது இதைத்தானே, வீட்டுக்குத் தேவையானதைச் செய்யின்னு.

நோட்டை வாங்கி பேரு, ஊரு, பின்கோடு மூணையும் ஏத்துனேன். கிலோமீட்டரையும் போட்டேன். பின்கோடு வாரியாப் பிரிச்சு, பக்கத்துல இருக்கிறது மொதல்ல, தூரம் கடைசியில, ஒரு வீட்டுக்குப் பன்னெண்டு நிமிஷம். ஓட்டுனேன். ஆறே நாள் தம்பி! ஒரு ஊருக்கு ரெண்டாவது தடவை போக வேண்டியதில்லை. அதைப் பிரிண்ட் போட்டு லேமினேஷனே பண்ணிட்டேன்.

விஜயா அதை மேல இருந்து கீழ வரைக்கும் பாத்தா. மொதல்ல கேட்டது, கொலதெய்வத்துக்கு என்னைக்கு வைக்கிறோம்னு. எங்க சாமி உசிலம்பட்டிப் பக்கம், அதனால நாலாம் நாளு மத்தியானம் வந்துச்சு. சாமிக்கு வைக்காம மனுசனுக்கு வைக்கவே கூடாதுன்னு சண்டை பிடிச்சா. சரின்னு சாமிக்கு மட்டும் ஒரு இஃப்பு போட்டேன், சாமியா இருந்தா மொதல்லன்னு. அதோட முடிஞ்சுதுன்னு நெனச்சா, "அடுத்தது அண்ணன் வீட்டுக்குத்தாங்க போகணும்"னா.

அண்ணன்னா சீனிராஜ். இவளுக்கு மூத்தவரு, எம் மச்சான். கம்பத்துல திராட்சைத் தோட்டம். அபிராமிக்கு அவரு மடியில உக்கார வச்சுத்தான் காது குத்துனோம். பிள்ளைக்குத் தாய்மாமன்னா எங்க பக்கம் எப்பிடின்னு உங்களுக்கே தெரிஞ்சிருக்கும். பொண்ணு நெத்தியில பட்டம் கட்டி, கையைப் பிடிச்சு மணவறைக்குக் கூட்டியாறது அவருதான். அவரு வந்து நிக்கலைன்னா தாலி கட்டு அப்பிடியே நிக்கும்.

நான் சொன்னேன், விஜயா, கம்பம் நூறு கிலோமீட்டருக்கு மேல, அதுக்குன்னு மொத நாளு போயிட்டுத் திரும்பி வந்தா கணக்கே கெட்டுப் போகும், உங்க அண்ணன் நம்ம வீட்டு ஆளு, அவருக்கு என்ன ஃபார்மாலிட்டி, லிஸ்ட்டுல இருக்காருல்ல, மெஷின் மறக்காதுன்னு. அவ நோட்டை மூடி வச்சுட்டு அடுப்படிக்குப் போயிட்டா. நானும் புரிஞ்சுக்கிட்டாள்னு விட்டுட்டேன்.

தேனி வந்துருச்சு பாருங்க. அஞ்சு நிமிஷம் நிப்பான். வேணும்னா டீ குடிச்சுட்டு வாங்க. வேண்டாமா? சரி, கேளுங்க.

அஞ்சு நாளும் பிரமாதமாப் போச்சு. சொன்ன நேரத்துக்கு சொன்ன வீடு. அஞ்சாம் நாளு சின்னமனூர், ஏழு வீடு. அதுல ஒரு வீடு மச்சானுக்கு தூரத்துப் பங்காளி. நாங்க வெளிய வந்து செருப்பு மாட்டுறதுக்குள்ள அவரு கம்பத்துக்குப் போனைப் போட்டிருக்காரு, எங்களுக்குப் பத்திரிகை வந்துருச்சு, உங்களுக்கு என்னைக்கு வச்சாங்கன்னு.

ஆறாம் நாளு கம்பம் போறோம். வீடு வெள்ளையடிச்சு பளிச்சுன்னு இருக்கு. மச்சான் வெள்ளை வேட்டி கட்டி நடுக்கூடத்துல நாற்காலியில உக்காந்திருக்காரு. எந்திரிக்கலை. வாங்கன்னாரு. அவரு சம்சாரம் முருகேஸ்வரி தண்ணி கொண்டாந்து குடுத்துச்சு. தட்டுல பத்திரிகையை வச்சு நீட்டுனோம். அவரு தட்டைத் தொடாம என்னையப் பாத்துக் கேட்டாரு.

"மாப்ளே, நாங்க எத்தனாவது வீடு?"

எனக்கு அப்பிடி ஒரு சந்தோஷம் தம்பி. ஆறு நாள்ல ஒரு ஆளு இதைப் பத்திக் கேக்கல. நான் பையில இருந்து லேமினேஷனை எடுத்து விரலை வச்சுக் காட்டுனேன். "நாப்பத்தேழு மச்சான். கடைசி வீடு. ஒண்ணுகூட விடல"ன்னேன்.

அவரு துண்டை எடுத்துத் தோள்ல போட்டாரு. தோட்டத்துல வேலை கெடக்குன்னாரு. போயிட்டாரு. தட்டு என் கையிலயே இருக்கு. முருகேஸ்வரிதான் வாங்கி சாமி படத்துக்குப் பக்கத்துல வச்சுச்சு. விஜயா பஸ் ஏறுனதுல இருந்து எறங்குற வரைக்கும் முந்தானையை வாயில வச்சுக்கிட்டு அழுதா. நான் அப்பக்கூட பஸ்ல உக்காந்து ஒவ்வொரு வரியாச் சரி பாத்தேன். எரர் எதுவும் இல்லை தம்பி, சுத்தமா இல்லை.

மறுநாளு முருகேஸ்வரி போன்ல சொல்லிருச்சு, அவரு கல்யாணத்துக்கு வரலையாம். சீரு செனத்தி எல்லாம் வண்டியில ஏத்தி அனுப்பிருவாராம், அவரு வர மாட்டாராம். அபிராமி காதுக்கு அது போச்சு. அவ என்னைக் கூப்பிட்டு, மாமா வரலைன்னா நான் மணவறையில உக்கார மாட்டேன்பா, மாப்பிள்ளை வீட்டுக்கு நீங்களே சொல்லிருங்கன்னா. சத்தம் போட்டுச் சொன்னாக்கூட நான் சமாளிச்சிருப்பேன், சாதாரணமாச் சொன்னா. கல்யாணத்துக்கு இன்னும் பதினோரு நாள்தான். விஜயா எங்கூடப் பேசுறதையே விட்டுட்டா. சோறு எடுத்து வச்சிருக்கேன், அவ்ளோதான், அதுவும் செவத்தைப் பாத்து.

எனக்குக் கோவம் மச்சான் மேலதான். படிச்ச மனுசன், நாலு ஏக்கர்ல சொட்டு நீர் போட்டவரு, ஒரு ரூட்டு புரியாதான்னு. எங்கயாவது ஊர் பேரைத் தப்பா ஏத்திட்டமா, பாப்பம்னு விஜயா நோட்டை எடுத்தேன். அப்பத்தான் தம்பி அதை முழுசாப் படிச்சேன்.

மேல பிள்ளையார் சுழி, அதுக்குக் கீழ நம்பர் இல்லாம கொலசாமி. ஒண்ணு, கம்பம் அண்ணன். ரெண்டு, நிலக்கோட்டையில எந் தங்கச்சி, அவளைத் தன் அண்ணனுக்கு அடுத்த எடத்துல போட்டிருக்கா பாருங்க. மூணு, பெரியகுளம் சின்னம்மா, பக்கத்துல சின்ன எழுத்துல, சித்தப்பா போன வருஷம் தவறுனது, உக்காந்து பேசிட்டு வரணும்னு எழுதியிருக்கா. அந்த வீட்டுல நான் பன்னெண்டு நிமிஷத்துக்கு மேல ஒரு நிமிஷம்கூட உக்காரல, எந்திரி எந்திரின்னு இவளைக் கெளப்புனவன். இன்னொரு வீட்டுக்குப் பக்கத்துல, காப்பி குடிக்காம வந்தா வருத்தப்படுவாகன்னு இருக்கு. நாப்பத்தேழு வீட்டுக்கும் எடது ஓரத்துல நம்பர். யாருக்கு அடுத்து யாருங்கிற மரியாதை முறை அது. நான் சும்மா வரிசை நம்பர்னு நெனச்சு ஏத்தாம விட்டுட்டேன். தபால்ல அது நமக்குத் தேவைப்படாது. ஒரு வாரமா உக்காந்து யார் மனசும் நோகாம அவ அடுக்கி வச்சதை நான் ஒரே வார்த்தையில கலைச்சு விட்டிருக்கேன்.

யாருகிட்டயும் சொல்லல. மறுநாளு மொத பஸ்ஸைப் பிடிச்சு, லேப்டாப்போட கம்பம் போயிட்டேன். வீட்டுல முருகேஸ்வரி மட்டும் இருந்துச்சு. அது சொல்லுச்சு, "அண்ணே, நீங்க பத்திரிகை வைக்கக் கெளம்பிட்டீகன்னு தெரிஞ்ச அன்னைக்கே வெள்ளை வேட்டியைக் கட்டிட்டாரு. ஆறு நாளும் தோட்டத்துப் பக்கமே போகல. வாசல்ல ஆட்டோ சத்தம் கேட்டா எந்திரிப்பாரு." எனக்கு அங்க நிக்கவே முடியல தம்பி. நேரா தோட்டத்துக்குப் போயிட்டேன்.

திராட்சைப் பந்தலுக்குள்ள போயிருக்கீங்களா? உயரமே இருக்காது. நான் கொஞ்சம் வளத்தி. குனிஞ்சுதான் நிக்கணும். மச்சான் கொத்துல இருக்கிற சொத்தைக் காயைக் கத்தரிக்கோலால எடுத்துக்கிட்டு இருந்தாரு, திரும்பலை. நான் லேப்டாப்பைத் தட்டு மாதிரி ரெண்டு கையிலயும் ஏந்திக்கிட்டு, மச்சான், தப்பு மெஷின் மேல இல்லை, நான்தான் நோட்டு ஓரத்துல இருந்த நம்பர் வரிசையை ஏத்தாம விட்டுட்டேன்னு ஆரம்பிச்சு, லிஸ்ட்டுன்னா என்ன, சார்ட்டுன்னா என்ன, எல்லாத்தையும் வெளக்குனேன். அரை மணி நேரம். குனிஞ்ச தலை நிமிரல, பந்தல் அப்பிடி. அவரு கேட்டுக்கிட்டே கத்தரிக்கோலைக் கீழ வச்சாரு. நான் அவரு கண்ணு முன்னாலயே முறைன்னு ஒரு புது வரிசையைச் சேத்து, விஜயா நம்பரை எல்லாம் ஏத்தி, அதை வச்சு அடுக்கச் சொல்லி ஓட்டுனேன். வந்துச்சு.

"வாசிங்க"ன்னாரு.

"ஒண்ணு, கம்பம் சீனிராஜ்"னு வாசிச்சேன்.

"அழிச்சுட்டு இன்னொருக்க ஓட்டுங்க."

ஓட்டுனேன். ஒண்ணு, கம்பம் சீனிராஜ். இன்னொருக்கன்னாரு. மூணு தடவை. மூணாவது தடவை மனுசனுக்குச் சிரிப்பு வந்துருச்சு, கண்ணுலயும் தண்ணி. எனக்கும்தான், எதுக்கு மறைக்கணும். டெக்னாலஜியோட பவர் தம்பி அது. ஒருத்தருக்குப் புரியிற மாதிரி எடுத்துச் சொன்னா எப்பேர்ப்பட்ட கோவமும் போயிரும். விஜயா என்ன சொல்றான்னா, அவரு கண்ணாடி அன்னைக்கு வீட்டுலயே இருந்துச்சாம், அது இல்லாம அவருக்கு ஒரு எழுத்துக்கூடத் தெரியாதாம். நீங்க குனிஞ்சு நின்னதுதாங்க வேலை செஞ்சுதுங்கிறா. இவளுக்கு என்ன தெரியும் கம்ப்யூட்டரைப் பத்தி.

அதோட விடல மச்சான். இதுபடி இப்பத்தானே எனக்கு மொதல்ல வச்சிருக்கீங்க, அப்ப அடுத்த வீட்டுக்குப் போக வேணாமான்னு ஜீப்பை எடுத்துட்டாரு. சின்னமனூர் ஏழு வீட்டுக்கும் என்னைக் கூட்டிக்கிட்டுப் போயி, மாப்ளே எங்க வீட்டுக்கு மொதல்ல வச்சிட்டாரு, உங்களுக்கு வைக்க வந்திருக்கோம், குடும்பத்தோட வந்துரணும்னு திரும்பப் பத்திரிகை வச்சாரு. போன் போட்ட பங்காளி, எங்களுக்குத்தான் போன வாரமே வச்சாச்சேன்னு முழிக்கிறாரு. மச்சான் அவரு பக்கமே திரும்பாம, "காப்பி போடச் சொல்லுங்க, குடிச்சிட்டுத்தான் போவோம்"னாரு. ஏழு வீட்டுலயும் காப்பி. எனக்கு அன்னைக்கு வயிறு என்ன பாடு பட்டுச்சுங்கிறீங்க.

கல்யாணத்தன்னைக்கு அபிராமி நெத்தியில அவரு பட்டம் கட்டுறப்ப இறுக்கி இறுக்கி முடிச்சுப் போட்டாரு. அவ, மாமா மெதுவாக் கட்டுங்க, நான் எங்கயும் ஓட மாட்டேன்னா. மண்டபமே சிரிச்சுச்சு. நான் மட்டும் தூணுக்குப் பின்னால போயி நின்னு அழுதேன். வேற யாரும் பாக்கல, விஜயா பாத்துட்டா. மறுநாள்ல இருந்து செவத்தைப் பாத்துப் பேசுறதை விட்டுட்டா.

இப்ப அபிராமிக்கு ஏழாம் மாசம். வர்ற ஞாயித்துக்கெழமைக்கு அடுத்த ஞாயிறு எங்க வீட்டுல வளைகாப்பு. சாமிக்கு நேத்தே போயி வச்சாச்சு. இன்னைக்கு மொத வீடு, மச்சான் வீடு. புரோகிராமும் ரெண்டாவது வெர்ஷன். கிலோமீட்டரைத் தூக்கியே போட்டுட்டேன், விஜயா நோட்டை வச்சு வாசிக்க வாசிக்க நான் ஏத்துனேன். இனி தப்பு நடக்க வழியே கெடையாது தம்பி. ஒரு தடவை பட்டா நான் திருந்திக்கிற ஆளு.

அடடே, பேசிப் பேசி சின்னமனூரே தாண்டிட்டமா. உங்க ஊரு வரப் போகுது. எவ்ளோ பொறுமையாக் கேட்டீங்க. எங்க வீட்டுலகூட நான் பேசுறதை இப்பிடி யாரும் கேட்டதில்லை. நீங்க கண்டிப்பா வளைகாப்புக்கு வரணும். சும்மா வாயால சொன்னா எப்பிடி, இருங்க, பையிலதான் கார்டு கெடக்கு. இந்தாங்க. மஞ்சள் தடவுனது, மேல இருக்கிறது, இதை எடுத்துக்கங்க. ரெண்டு கையாலயும் வாங்குறீங்க பாருங்க, நல்லா வளத்திருக்காங்க. சம்சாரத்தையும் கூட்டிக்கிட்டு வாங்க.

விஜயா, இந்தத் தம்பிக்கும் ஒரு கார்டு குடுத்துட்டேன், நம்ம வளைகாப்புக்கு. என்ன, ஏன் அப்பிடிப் பாக்குற? நோட்டை எதுக்கு என்கிட்டக் காட்டுற?

அய்யய்யோ.

தம்பி, தம்பி, கொஞ்சம் நில்லுங்க, எறங்கிராதீங்க. தப்பா நெனச்சுக்கக் கூடாது. அந்தக் கார்டை இங்க குடுங்க. கண்டக்டர், இவருக்குக் கம்பத்துக்கு ஒரு டிக்கெட் போடுங்க, நான் தர்றேன். அரை மணி நேரம்தான் தம்பி. எங்ககூட மச்சான் வீடு வரைக்கும் வந்துட்டுப் போயிருங்க. அவருக்கு வச்சதும், அவரு கண்ணு முன்னாலயே, ரெண்டாவதா உங்களுக்கு வைக்கிறேன்.